பரணி முடிவதற்குள்

டாக்ஸியின் பின்கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை.

முதலில் ஒரு கோணி மூட்டைதான் வெளியே வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை. வருடா வருடம் வருகிற அதே மூட்டை. அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு முருகையன் மறுபடி வண்டிக்குள் குனிந்தான். இந்த முறை அவன் இரண்டு கைகளிலும் ஏந்தி வெளியே எடுத்தது அவனுடைய மாமனாரை.

வாசலில் நின்றிருந்த ரேணுகாம்பாள் மூட்டையைத் தாண்டி முன்னால் வந்தாள்.

போன வருஷம் திருவண்ணாமலை தீபத்துக்கு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிய மனிதர் ஆதிமூலம். கள்ளக்குறிச்சிப் பக்கத்து விவசாயி. பதினாலு வருஷமாகத் தீபத்துக்கு அவள் மாடியில் தங்குகிறவர். இப்போது முருகையனின் கைகளில், சுருட்டி வைத்த கோரைப்பாய் மாதிரி கனமே இல்லாமல் கிடந்தார்.

"இன்னாம்மா இது?"

"ஒண்ணுமில்லத்தே. ஜுரம். சரியா சாப்பிடல. அதான் சோர்வு."

பதில் சொன்னது ஆதிமூலத்தின் ஒரே மகள் திரௌபதி. சொல்லும்போது அவள் ரேணுகாம்பாளின் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்ஸிக்காரனுக்குச் சில்லறை தேடுகிற பாவனையில் சுருக்குப் பையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். டாக்ஸிக்காரன் ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஜுரம் இல்லை. முருகையன் படியேறும்போது பெரியவரின் கால்கள் இரண்டும் தொங்கிய விதத்திலேயே அது தெரிந்தது.

எப்போதும் கொடியேற்றத்துக்கே வந்துவிடுகிறவர்கள், இந்த வருஷம் தேர் முடிந்தும் வராதபோதே அவள் யோசித்திருக்க வேண்டும்.

*

அந்த மாடிதான் ரேணுகாம்பாளின் பிழைப்பு.

கீழே அவள். மேலே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மொட்டைமாடி. படிக்கட்டு வெளிப்பக்கம். மொட்டைமாடியில் நின்றால் கண்ணுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு தென்னை மட்டைகூடக் குறுக்கே வராது. தீபத்துக்குப் பத்து நாள் வாடகை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு ராத்திரி வாடகை. மற்ற நாட்களில் பூட்டு.

மாதாமாத வாடகைக்கு விட அவளுக்குப் பயம். விட்டுப் பார்த்ததால் வந்த பயம். கணவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரர் குடும்பத்தோடு மாடிக்கு வந்தார். வரும்போது கும்பிட்டுக்கொண்டு வந்தார். காலி செய்யச் சொன்னபோது வக்கீலோடு வந்தார். வாடகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டு அவர் பாட்டுக்கு மேலே இருந்தார். வழக்கு முடிந்து சாவி கைக்கு வந்தபோது, அதை வாங்கக் கணவர் இல்லை.

"இனிமே பெட்டியோட வர்றவங்களுக்குத்தான் வீடு. பீரோவோட வர்றவங்களுக்குக் கெடையாது" என்று அன்றைக்கு அவள் சொன்ன வார்த்தையைத் தெருவே திருப்பிச் சொல்லிச் சிரித்தது.

அந்த வார்த்தையை உடைத்தவன் மகன் பலராமன்.

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஐப்பசி மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவன், அம்மா காய்ச்சலில் தனியாகப் படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டான். குடத்தில் தண்ணீர் இல்லை. அடுப்பு எரிந்து இரண்டு நாளாகியிருந்தது.

"மாடியில ஒரு குடும்பம் இருந்திருந்தா ஒரு டம்ளர் வெந்நீராவது குடுத்திருப்பாங்க" என்றான். "இத்தினி வருஷம் உன் இஷ்டத்துக்கு விட்டாச்சு. பொங்கலுக்குள்ள மாடியில நெரந்தரமா ஒரு குடும்பம் குடியிருக்கணும். இல்லனா வீட்ட வித்துட்டு நீ என்னோட வந்துடு. லாட்ஜ் கட்டணும்னு வேடியப்பன் கேட்டுக்கினே இருக்காரு."

"ராணிப்பேட்டையில நான் இன்னாடா பண்ணுவேன்? தோல் நாத்தத்த மோந்துக்கினு உக்காந்திருக்கவா?"

"சம்பளம் அந்த நாத்தத்துலதாம்மா வருது."

வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டு. குரலை உயர்த்தாமல் சொன்னான். அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. கத்தினால் சமாதானம் செய்துவிடலாம். முடிவு செய்துவிட்டவன் கத்துவதில்லை.

நல்ல வேளையாக அந்த வருஷம்தான் ஜில்லாவை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். திருவண்ணாமலை தனி ஜில்லாவின் தலைநகரம். வேலூரிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக ஆட்கள் மாற்றலாகி வந்து இறங்கினார்கள். வேங்கிக்கால் பக்கம் குவார்ட்டர்ஸ் வரப் போகிறது என்று பேச்சு இருந்ததே தவிர, வந்தவர்களுக்குத் தங்க வீடு இல்லை. அப்படித் தேடி வந்தவர் கலெக்டர் ஆபீஸ் ஹெட்கிளார்க் சக்கரபாணி. கூடவே மனைவி வேதா, இரண்டு பெண் பிள்ளைகள்.

வேதா மாடியைச் சுற்றிப் பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்தவள் மலையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வீடு பிடிச்சிருக்குங்கம்மா. வர்ற வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சிடறோம்."

"தீபம் முடியட்டும்மா. தீபத்துக்கு மாடிய வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன். வருஷா வருஷம் வர்றவங்க."

வேதா விரல்களை மடக்கிப் பார்த்தாள். "தீபம் முடிஞ்ச கையோட மார்கழி பொறந்துடுமே. மார்கழியில யாராவது குடி போவாங்களா? தை வரைக்கும் இவரு லாட்ஜ்ல கெடக்க முடியாதும்மா." கொஞ்சம் நிறுத்தினாள். "நடுவுல ஒரே ஒரு நல்ல நாள் இருக்கு. தீபம் முடிஞ்சு ரெண்டாம் நாள். அன்னிக்கு ஆவும்னா சொல்லுங்க. இல்லனா போளூர் ரோட்டுல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கோம்."

"ஆவும்" என்றாள் ரேணுகாம்பாள்.

தீபத்துக்கு ஆதிமூலம். தீபம் முடிந்து அவர் பெட்டியைக் கட்டியதும் வேதா. பத்து நாள் வாடகையும் போகாது, நிரந்தர வாடகையும் கைவிட்டுப் போகாது. மகன் வாயும் மூடிவிடும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்றுதான் நினைத்தாள்.

இந்த டாக்ஸி வந்து நிற்கிற வரைக்கும்.

*

சாயங்காலம் ரசம் சாதத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு அவள் மாடிக்குப் போனாள். முருகையன் மொட்டைமாடியில் தனியாக நின்றிருந்தான்.

"உண்மையச் சொல்லு."

அவன் சுவரைச் சுரண்டினான். "வேலூர்ல காட்டினோம்த்தே. கைய விரிச்சுட்டாங்க. வயித்துல கட்டி. ஊட்டுக்கு இட்டுக்கினு போங்கன்னுட்டாங்க."

"தெரிஞ்சேவா இங்க இட்டாந்தீங்க?"

"தீபம் பாக்கணும்னாரு. வேற எதுவுமே கேக்கல. இந்த நெலமையில எந்த லாட்ஜ்ல உடுவான்? உங்க ஊடுன்றதால..."

எத்தனை நாள் தாங்குவார் என்று கேட்க அவளுக்கு நாக்கு வரவில்லை. உள்ளே போய், கரைத்த சாதத்தை மூன்று கரண்டி அந்த வாயில் ஊட்டினாள். ஒன்று உள்ளே போனது. மீதி இரண்டும் துண்டில் வழிந்தன.

படியிறங்கும்போதுதான் அந்த எண்ணம் பளிச்சென்று வெட்டியது.

நாளைக்குத் தீபம். தீபத்தன்று என்ன நட்சத்திரம்? கார்த்திகை. அது குழந்தைக்குக்கூடத் தெரியும். கார்த்திகையில் உயிர் போனால் மூன்று மாதம் அடைப்பு. உயிர் போன இடத்தைப் பூட்டிவிட வேண்டும். யாரும் புழங்கக்கூடாது. சாயங்காலம் ஒரு விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் புதிதாக ஒரு குடும்பம் பால் காய்ச்சுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர் மாடியில் இறந்தால் வேதா வர மாட்டாள். வேதா வராவிட்டால் பொங்கலுக்கு மகன் வீட்டை விற்பான்.

ரேணுகாம்பாள் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

*

தீபத்தன்று காலை. விடியும் முன்பே கோயிலில் பரணி தீபம் ஏற்றியாகிவிட்டது. தெருவில் ஜனம் நிரம்பி வழிந்தது. மேலே இருமல் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. ரேணுகாம்பாள் மளிகைக் கடை காலண்டரின் முன்னால் நின்றிருந்தாள்.

மத்தியானம் வரை பரணி. அதன் பிறகு கார்த்திகை.

பரணிக்கு அடைப்பு இல்லை.

அவள் விறுவிறுவென்று மாடியேறி முருகையனை வெளியே அழைத்தாள். "பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிடலாம்ப்பா. மூச்சு இழுக்கறதப் பாத்தா பயமா இருக்கு. ஆக்ஸிஜனாவது வெப்பாங்க."

முருகையன் அவளை ஒரு கணம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினான். "ஒரு வண்டியும் உள்ள வராதுத்தே. எல்லாத்தையும் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. காய்கறித் தள்ளுவண்டி ஒண்ணு கெடைச்சுது. கீழ நிக்குது. படுக்க வெச்சு கூட்டத்துல மெதுவா தள்ளிக்கினு போலாம். நீங்க சொன்னா போயிடறோம்."

நீங்க சொன்னா. பந்து அவள் கைக்கு வந்துவிட்டது.

"சரி. அண்ணாகிட்ட நான் சொல்றேன்" என்று அறைக்குள் போனாள்.

ஆதிமூலம் கண்ணைத் திறந்துதான் இருந்தார். கண் மட்டும்தான் பழைய ஆதிமூலம். திரௌபதி அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணா."

"கீழ சக்கரச் சத்தம் கேட்டுச்சு. எனக்கா?"

அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"தேர் அன்னைக்கே முடிஞ்சிடுச்சேம்மா. எனக்குன்னு தனியா ஒண்ணு இழுக்கறீங்களா?" சிரிக்க முயன்றார். சிரிப்பு இருமலாக முடிந்தது. திரௌபதி துண்டால் வாயைத் துடைத்தாள். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார். "பரணி எப்ப முடியுது?"

ரேணுகாம்பாளின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"ஊருல நாள் பாக்கறவனே நான்தானே. வெதைக்கிறதுக்கும் என்னத்தான் கேப்பானுங்க. பொதைக்கிறதுக்கும் என்னத்தான் கேப்பானுங்க."

"மத்தியானத்தோட முடியுதுண்ணா."

"அதுக்குள்ள போயிடலாம்தான்" என்றார் அவர், பஸ்ஸுக்கு நேரம் சொல்வது போல. "ஆனா தீபம் சாயங்காலம்தானே ஏத்தறாங்க."

முருகையன் குறுக்கே வந்தான். "சும்மா இரு மாமா. இன்னிக்கு ஒரு நாளத் தாண்டிட்டாப் போதும். நாளைக்கு நட்சத்திரம் மாறிடும். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

"நாளைக்கு ரோகிணிடா மடையா. நாலு மாசம்."

திரௌபதி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். முருகையன் தலையைச் சொறிந்தான். ஆதிமூலம் யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தங்கச்சி, உனக்குக் கஷ்டம்னா சொல்லு. வண்டியிலேருந்து பாத்தாலும் மலை தெரியும்."

கூட்டத்தில் இடிபட்டு, தள்ளுவண்டிப் பலகையில், வெயிலைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரு மனிதன் போவது அவள் கண் முன்னால் வந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் தாங்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் கீழே இறங்கினாள். தள்ளுவண்டிக்காரன் பீடியை அணைத்துவிட்டு எழுந்தான்.

"நீ போப்பா. வேணாம்."

அதோடு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். முடியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் சாப்பிடவில்லை. எதிரே சுவர்க் கடிகாரம். தலைக்கு மேலே கூரை. அவள் காது கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இருமல் சத்தம் நின்றது. கொஞ்ச நேரமாகியும் வரவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் வரவில்லை. கடிகார முள் நகர்ந்தது.

இருமல் கேட்டது.

அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம்.

அந்த ஏமாற்றத்தை அவளே கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். பதினாலு வருஷமாக அண்ணா என்று கூப்பிட்ட மனிதர் செத்துத் தொலைக்கட்டும் என்று கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்து காத்திருக்கிறாள். எதற்காக? மாடிக்கு ஒரு குடித்தனம் வருவதற்காக. தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பரணி போனது. கார்த்திகை பிறந்தது.

மேலே அவர் இருமிக்கொண்டிருந்தார்.

*

வெயில் தாழ்ந்ததும் வேதா வந்துவிட்டாள், இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு. வரச் சொல்லி அழைத்திருந்ததே ரேணுகாம்பாள்தான். அன்றைக்கு அழைத்தபோது அது பெருமையாக இருந்தது.

"அவருக்கு பந்தோபஸ்து டூட்டி. கலெக்டர் ஆபீஸ் ஆளு ஒருத்தர்கூட இன்னிக்கு வீட்டுல இல்ல. நம்ம மாடியிலேருந்தே பாத்துடலாம்னு வந்துட்டேன்."

நம்ம மாடி என்றாள். ரேணுகாம்பாளால் அதற்குத் தலையாட்டத்தான் முடிந்தது.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக அகல் விளக்குகளை அடுக்கி வைத்திருந்தாள். சின்னப் பெண்கள் இருவரும் எண்ணெய் ஊற்றுகிறேன், திரி போடுகிறேன் என்று ஓடினார்கள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் ஊரில் வீட்டு விளக்குகள் ஏறும். அதுவரை யாரும் ஏற்ற மாட்டார்கள்.

அறைக் கதவு சாத்தியிருந்தது.

"உள்ள யாரும்மா?"

"தீபத்துக்கு வந்தவங்க. பெரியவருக்கு உடம்பு சரியில்ல. படுத்திருக்காரு."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

வேதா கேட்டுக்கொண்டதோடு சரி. அவள் மனம் வேறு எங்கோ இருந்தது. "இந்த மூலையில ஒரு துளசித் தொட்டி வெச்சுக்கலாமாம்மா? அந்தப் பக்கம் கொடி கட்டிட்டா துணி காயப்போட வசதியா இருக்கும். பெரியவளுக்கு இந்த ஜன்னல் ரூம்தான் வேணுமாம், இப்பவே சண்டை." சாத்திய கதவைக் காட்டிச் சொன்னாள்.

ரேணுகாம்பாள் குனிந்து, சாய்ந்திருந்த ஒரு அகலை நிமிர்த்தி வைத்தாள்.

இருட்டத் தொடங்கியது. தெருவில் சத்தம் அடங்கியது. அத்தனை மொட்டைமாடிகளிலும் ஆட்கள் நிழல் நிழலாக நின்றார்கள். அத்தனை முகங்களும் ஒரே திசையில் இருந்தன. மலை கறுத்து, ஆகாயத்தோடு ஒன்றாகிக்கொண்டிருந்தது.

உச்சியில் ஒரு பொறி தெரிந்தது.

ஊர் முழுவதும் ஒரே தொண்டையாகக் கத்தியது. அரோகரா சத்தம் சுவரை அதிர வைத்தது. வேதா கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரேணுகாம்பாள் மலையைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

ஜன்னல் திறந்திருந்தது. திரௌபதி அப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"தெரியுதாப்பா?"

"தெரியுது."

அவர் கண் ஜன்னலிலேயே இருந்தது. உதடு இன்னொரு முறை அசைந்தது. சத்தம் வரவில்லை. மார்பு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

முருகையன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். விரலை எடுத்தான். முதல் காரியமாக எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"அத்தே, பயப்படாதீங்க." கிசுகிசுத்தான். "கூட்டம் கலைஞ்சதும் உசுரு இருக்கற மாதிரியே போத்தித் தூக்கினு போயிடறோம். வழியில போச்சு, ஊருல போச்சுனு சொல்லிக்கறோம். உங்க ஊட்டுப் பேரே வராது. யாருக்கும் தெரியாது. திரௌபதி, சத்தம் போட்டுடாத."

திரௌபதி சத்தம் போடவில்லை. முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் திணித்தாள். தோள் குலுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கண்கள் அப்பாவைப் பார்க்கவில்லை. ரேணுகாம்பாளைப் பார்த்தன. சரியாக இருக்கிறேனா, இது போதுமா என்று கேட்பது போலப் பார்த்தன.

வெளியே வேதாவின் குரல் கேட்டது. "அம்மா, உள்ள இன்னா பண்றீங்க? வந்து பாருங்க, எவ்ளோ பெருசா எரியுது."

யாருக்கும் தெரியாது. முருகையன் சொன்னது சரி. நாளை மறுநாள் இந்த அறையைக் கழுவி, கோலம் போட்டு, வேதாவின் அடுப்பில் பால் பொங்கினால், ராணிப்பேட்டைக்குப் போக வேண்டியதில்லை. ஒரே ஒரு பெண் வாயில் துணியோடு இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

ரேணுகாம்பாள் கட்டிலருகே போனாள். திரௌபதியின் வாயிலிருந்து அந்தத் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"அழும்மா."

"அத்தே..."

"பெத்த அப்பன் போயிருக்காரு. வாய்விட்டு அழு."

ஒரு கணம் திரௌபதி நம்பவில்லை. அப்புறம் அவளிடமிருந்து கிளம்பிய சத்தம் அறையைத் தாண்டி, மொட்டைமாடியைத் தாண்டி, அரோகரா சத்தத்துக்குள் தனியாகப் பிரிந்து கேட்டது.

வெளியே சின்னப் பெண்களின் பேச்சு பட்டென்று நின்றது. கதவு திறந்தது. வேதா வாசற்படியில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"எப்பம்மா?"

"இப்பதான். தீபம் ஏத்தினப்ப."

"கார்த்திகை" என்றாள் வேதா. அது கேள்வியாக இல்லை.

"ஆமா."

வேதா பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். ரேணுகாம்பாளும் பின்னால் போனாள். முதல் படியில் கால் வைத்த வேதா திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"உன் புள்ளைங்க படுக்கற எடம்மா அது."

வேதா தலையைக் குனிந்துகொண்டாள். "நாங்க போளூர் ரோட்டு வீட்டையே பாத்துக்கறோம்மா. தப்பா நெனைச்சுக்காதீங்க." சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஊர் முழுக்க மாடி மாடியாக விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. ரேணுகாம்பாளின் சுவரில் மட்டும் எண்ணெய் ஊற்றிய அகல்கள் இருட்டில் வரிசையாக இருந்தன.

*

மார்கழி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை பலராமன் வந்தான். தனியாக வரவில்லை. கூடவே லாட்ஜ் வேடியப்பன். பட்டு அங்கவஸ்திரம், கையில் டேப். உள்ளே வருவதற்கு முன்பே அவர் தெருவில் நின்று வீட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

"குடித்தனம் தட்டிப் போச்சாமே. போளூர் ரோட்டுல சக்கரபாணியப் பாத்தேன்" என்றான் பலராமன் அம்மாவிடம். "நான் சொன்ன வார்த்த ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

வேடியப்பன் அண்ணாந்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்திலும் ஜன்னல் வழியாக ஒரு சின்னச் சுடர் தெரிந்தது.

"மேல யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க."

"அப்புறம் வெளக்கு?"

"அடைப்பு. தீபத்தன்னிக்கு ஒருத்தர் தவறிட்டாரு."

வேடியப்பன் வாசற்படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். எடுத்த கால் நேராகச் செருப்புக்குள் போனது. "கார்த்திகை நட்சத்திரமா?"

"ஆமாங்க."

"மூணு மாசம்." டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நான் லாட்ஜ் நடத்தறவன் தம்பி. அடைப்பு வீட்ட வாங்கி அஸ்திவாரம் தோண்டினேன்னு தெரிஞ்சா ஒருத்தன் ரூம் எடுக்க மாட்டான். இதெல்லாம் நீ முன்னாடியே சொல்லணும். பாக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் தெரு திரும்புகிற வரை பலராமன் வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"கணக்குப் போட்டுத்தான் சொன்னியாம்மா?"

"எத?"

"அடைப்புன்னு. அந்த வேதா அம்மாகிட்டயும், இவருகிட்டயும்."

ரேணுகாம்பாள் யோசித்தாள். மகனிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று பட்டது.

"வேதாகிட்ட சொன்னப்ப ஒரு கணக்கும் இல்லடா. எல்லாம் போச்சுன்னு நெனைச்சுக்கினுதான் சொன்னேன். இவருகிட்ட சொன்னப்ப இருந்துச்சு. நீ பஸ் எறங்கி நேரா இவருகிட்டப் போனதா தெருவுல சொன்னாங்க. சாயங்காலம் ஏத்தற வெளக்க இன்னிக்குக் காலையிலயே ஏத்திட்டேன்."

பலராமன் அம்மாவையே பார்த்தான். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சரி. மூணு மாசம் கழிச்சு?"

"சித்திரையில ஒரு குடும்பத்துக்கு விடறேன். நீ கேட்ட மாதிரி நெரந்தரமா. ஆனா தீபம் பத்து நாளும் அந்த ஜன்னல் ரூம் அவங்களுக்குக் கெடையாது. முன்னாடியே பேசிடுவேன்."

"யாருக்கு அது?"

"திரௌபதிக்கு. அப்பா செத்த எடத்துல வருஷத்துக்கு ஒரு தடவ வந்து உக்காரணும்னு கேட்டா. சரின்னுட்டேன்."

"இந்தக் கண்டிஷனுக்கு எந்தக் குடும்பம்மா வரும்?"

"தெரியல." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "சித்திரை முடியற வரைக்கும் பாக்கலாம். யாரும் வரலனா நீ விக்கச் சொன்ன எடத்துல கையெழுத்துப் போடறேன். அப்புறம் பேச மாட்டேன்."

அவள் இவ்வளவு இறங்கி வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மேலே இருந்த பூட்டிய அறையை நினைத்தானோ என்னவோ, குரல் தணிந்தது. "யாராவது கேட்டு வந்தா எனக்கு ஒரு கார்டு போடு. நானே வந்து பேசறேன்."

"நீ பேசினா வர்றவனும் ஓடிப் போயிடுவான்."

பலராமன் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புவதாகச் சொல்லி வந்தவன், அந்த பஸ்ஸுக்குப் போகவில்லை.